தேடலில் முதல் இடம்: இணையதளம் வைத்திருக்கும் வணிகர்களுக்கு ஒரு பாடம்



முன்பெல்லாம் வெளியூர்க்காரர் ஒருவர் நல்லமிளகோ கிராம்போ மொத்தமாக வாங்க வேண்டுமென்றால், தக்கலை பஸ் நிலையத்தில் இறங்கி டீக்கடையில் விசாரிப்பார். “இன்னார் கடைக்குப் போங்க, எடை சரியா இருக்கும்” என்று டீக்கடைக்காரர் கைகாட்டுவார். அந்தக் கைகாட்டலை யாரும் காசு கொடுத்து வாங்க முடியாது. பல வருடம் சரியாக நிறுத்துக் கொடுத்து, கெட்ட சரக்கைத் திருப்பி எடுத்துக்கொண்டு சம்பாதித்த பெயர் அது.

இன்று அதே வெளியூர்க்காரர் பஸ்ஸில் வரும்போதே கைப்பேசியை எடுத்து, “தக்கலை நல்லமிளகு மொத்த விலை” என்று தட்டிப் பார்க்கிறார். கைகாட்டும் வேலையை இப்போது கூகுள் போன்ற தேடுபொறிகள் செய்கின்றன. பத்துக் கடைகளின் பெயர் வந்தாலும், மேலே இருக்கும் இரண்டு மூன்று கடைகளுக்குத்தான் அவர் போன் செய்வார். ஆகவே அந்த முதல் இடத்துக்குப் போட்டி வந்துவிட்டது. “உங்கள் கடையை முதல் இடத்தில் கொண்டு வந்து நிறுத்துகிறோம்” என்று சொல்லிக்கொண்டு ஏஜெண்டுகளும் கடை வாசலுக்கு வந்துவிட்டார்கள். இந்த வேலைக்கு அவர்கள் சொல்லும் பெயர் எஸ்.இ.ஓ. என்பது. தேடுபவர் கண்ணில் நம் இணையதளம் முந்திப் படும்படி அதைச் சீர் செய்வது என்று பொருள் கொள்ளலாம்.

கடைக்குப் பெயர்ப்பலகை வைப்பது எப்படிக் குற்றமில்லையோ, அப்படி இதுவும் குற்றமில்லை. ஆனால் சரியான படிக்கல்லும் குறை எடைப் படிக்கல்லும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருப்பதைப் போல, இதிலும் நேர்வழியும் குறுக்குவழியும் ஒரே பெயரில் விற்கப்படுகின்றன. இரண்டையும் பிரித்து அறிவது எப்படி என்பதே இந்தப் பாடம்.

தேடுபொறி எப்படிக் கணக்கிடுகிறது?

கூகுள் நிறுவனம் 1998-ல் அமெரிக்காவில் லாரி பேஜ், செர்கே பிரின் என்ற இரு மாணவர்களால் தொடங்கப்பட்டது. ஒரு பக்கத்தில் என்ன சொற்கள் உள்ளன என்று மட்டும் பாராமல், அந்தப் பக்கத்தை வேறு எத்தனை பக்கங்கள் சுட்டிக்காட்டுகின்றன, சுட்டிக்காட்டுபவை எவ்வளவு மதிப்புள்ளவை என்றும் கணக்கிட்டதே அவர்கள் கண்ட புதுமை. நம் டீக்கடைக்காரரின் கைகாட்டலைத்தான் அவர்கள் கணக்காக மாற்றினார்கள் எனலாம். நாலு பேர் நல்ல கடை என்று சொன்னால் அது நல்ல கடையாக இருக்கும். அந்த நாலு பேரும் விவரம் தெரிந்தவர்களாக இருந்தால் இன்னும் நம்பலாம்.

தேடுபொறி மூன்று வேலைகளைச் செய்கிறது. முதலாவது, உலகத்து இணையப் பக்கங்களை ஓயாமல் படித்துக்கொண்டே செல்கிறது. இரண்டாவது, படித்ததை எல்லாம் பேரேட்டில் எழுதுவதுபோல் சொல்வாரியாகப் பதிந்து வைக்கிறது. மூன்றாவது, ஒருவர் கேட்கும்போது அந்தப் பேரேட்டிலிருந்து பொருத்தமானவற்றை எடுத்து வரிசைப்படுத்திக் கொடுக்கிறது. பக்கத்தில் உள்ள சொற்கள், பிறர் தரும் இணைப்புகள், கடை இருக்கும் இடம், வாடிக்கையாளர் எழுதும் கருத்துகள், கைப்பேசியில் பக்கம் விரைவாகத் திறக்கிறதா என்பது போன்ற பலவும் அந்த வரிசையைத் தீர்மானிக்கின்றன. இவற்றில் எதையெல்லாம் கணக்கில் எடுக்கிறதோ அதையெல்லாம் பொய்யாகவும் உண்டாக்க முடியும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

நியாயமான வேலை எது?

நம் மாவட்டத்திலிருந்தே ஒரு உதாரணம் சொல்வோம். நாம் நல்லமிளகு என்று சொல்வதை மற்ற ஊர்க்காரர்கள் மிளகு அல்லது குறுமிளகு என்கிறார்கள். நாம் வெறுமனே வத்தல் என்றால், மற்ற ஊர்க்காரர் சுண்டைக்காய் வத்தலா, வெண்டைக்காய் வத்தலா என்று கேட்பார். அவருக்கு அது காய்ந்த மிளகாய். நமக்கு ஏத்தன், வெளியூரில் நேந்திரம். நமக்கு மரச்சீனி, வெளியூரில் மரவள்ளி. நம் இணையதளத்தில் நல்லமிளகு என்று மட்டும் எழுதியிருந்தால், மிளகு என்று தேடும் கோயம்புத்தூர்க்காரருக்கு நம் கடை தென்படாமல் போகலாம். ஆகவே இரண்டு பெயரையும் எழுதுவது சரியான வேலை. கடைக்கு வந்த வெளியூர்க்காரருக்கு, “நீங்க கேக்கது இதுதான்” என்று எடுத்துக் காட்டுவதைப் போன்றதே இது.

அதேபோல் கடையின் சரியான முகவரி, கடை திறக்கும் நேரம், விடுமுறை நாட்கள், சரக்கின் உண்மையான படம், ரகம், எந்தப் பகுதியில் விளைந்தது, குறைந்தபட்சம் எத்தனை கிலோ எடுக்க வேண்டும், லாரி வாடகை யார் பொறுப்பு என்பனவற்றைத் தெளிவாக எழுதுவது நல்லது. பதினான்கு இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணையும் போட வேண்டும். பொட்டலச் சரக்கை இணையத்தில் விற்பவர்கள், அதிகபட்ச விலை, நிகர எடை முதலிய விவரங்களை அங்கேயே காட்ட வேண்டும் என்பது 2018 ஜனவரி முதல் எடையளவுச் சட்ட விதியாகவும் இருக்கிறது. இவையெல்லாம் தேடுபவருக்கும் பயன், தேடுபொறிக்கும் பிடிக்கும்.

இதில் நாம் கைக்கொள்ளத்தக்க ஒரு சோதனை உண்டு. இணையதளத்தில் நம் சார்பில் எழுதப்பட்ட ஒவ்வொரு வரியையும், கல்லாவுக்கு முன்னால் நிற்கும் வாடிக்கையாளரிடம் வாய்விட்டுப் படித்துக் காட்ட முடியுமா? முடியும் என்றால் அது நேர்வழி. படிக்கும்போது குரல் தடுமாறினால் அந்த வரியை எடுத்துவிட வேண்டும். இனி வருபவற்றை எல்லாம் இந்தச் சோதனையில் வைத்துப் பார்ப்போம்.

மறைத்து எழுதுவதும் இல்லாத கடையும்

வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் நூறு சரக்குப் பெயர்களை எழுதி வைப்பது பழைய தந்திரம். மனிதர் கண்ணுக்குத் தெரியாது. தேடுபொறி மட்டும் படிக்கும். இன்னொன்று, தேடுபொறிக்கு ஒரு பக்கத்தையும் வருபவருக்கு வேறொரு பக்கத்தையும் காட்டுவது. 2006 பிப்ரவரியில் புகழ்பெற்ற கார் நிறுவனமான பி.எம்.டபிள்யூ.வின் ஜெர்மன் இணையதளம் இப்படிச் செய்தது தெரிய வந்தது. ‘பழைய கார்’ என்ற சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதிய பக்கங்களைத் தேடுபொறிக்காக மட்டும் வைத்திருந்தார்கள். கூகுள் அந்தத் தளத்தையே தன் பட்டியலிலிருந்து நீக்கியது. அந்தப் பக்கங்களை எடுத்த பிறகே மீண்டும் சேர்த்தது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அந்த நிலை என்றால், நம் போன்ற பலசரக்குக் கடைக்காரரின் பாடு என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இந்த வகையில் நாங்களே செய்த தவறையும் இங்கே சொல்லிவிட வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஏஜெண்டின் பேச்சைக் கேட்டு, எங்கள் தளத்தில் ஊர் ஊராகப் பக்கங்கள் போட ஒத்துக்கொண்டோம். “மார்த்தாண்டத்தில் மொத்த மசாலாக் கடை”, “குளச்சலில் மொத்த மசாலாக் கடை”, “குலசேகரத்தில் மொத்த மசாலாக் கடை” என்று வரிசையாக வந்தன. கடை என்னவோ தக்கலையில் ஒன்றுதான். போன் அதிகம் வந்தது; நாங்களும் மகிழ்ந்தோம்.

ஒருநாள் மதியம் பேச்சிப்பாறைப் பக்கத்திலிருந்து ஒரு சிறிய ஹோட்டல்காரர் வியர்த்து வடிய வந்தார். கைப்பேசியை எங்கள் மேசைமேல் வைத்தார். “அண்ணாச்சி, கொலசேரத்துல கடை இருக்குன்னு போட்டிருக்கு. ஒரு மணிக்கூரா சந்தையெல்லாம் தேடிட்டு, பொறவு போன் அடிச்சா தக்கலைக்கு வரச் சொல்லுதாங்க. இதுக்கு என்ன அர்த்தம்?” என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. குலசேகரத்தில் இறங்கி அங்கேயே ஒரு கடையில் வாங்கியிருந்தால், அவருக்கு அரைநாள் மிச்சமாகியிருக்கும். அந்தக் கடைக்காரருக்கும் வியாபாரம் நடந்திருக்கும். நாங்கள் இருவரிடமிருந்தும் எடுத்துக்கொண்டோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

அந்த வாரமே அந்தப் பக்கங்களை எடுக்கச் சொன்னோம். போன் வருவது குறைந்தது என்பதும் உண்மை. அதை மறைக்க விரும்பவில்லை. அவற்றுக்குப் பதிலாக, “கடை தக்கலையில் மட்டும், குலசேகரம், மார்த்தாண்டம், குளச்சல் பகுதிகளுக்கு வண்டியில் சரக்கு அனுப்புகிறோம்” என்று ஒரே பக்கத்தில் எழுதினோம். இது வாய்விட்டுப் படிக்கக்கூடிய வரி. கூகுள் மேப்பிலும் இதே விதிதான். இல்லாத இடத்தில் கடையைக் குறிக்கக்கூடாது. பெயர்ப்பலகையில் உள்ள பெயரைத்தான் கொடுக்க வேண்டும்; பெயரோடு ‘மிகக் குறைந்த விலை’ என்றும் ஊர்ப் பெயர்கள் என்றும் ஒட்டிக்கொண்டே போகக்கூடாது.

காசு கொடுத்து வாங்கும் கைகாட்டல்

பிற தளங்கள் நம்மைச் சுட்டுவது மதிப்பு என்றதும், அந்த இணைப்புகளையே விலைக்கு விற்கும் தொழில் கிளம்பியது. இதில் உலகறிந்த உதாரணம் அமெரிக்காவின் ஜே.சி. பென்னி என்ற பெரிய சில்லறை வணிக நிறுவனம். பண்டிகைக் காலத்தில் ஆடை, படுக்கை விரிப்பு, தரை விரிப்பு என்று எதைத் தேடினாலும் அந்த நிறுவனமே முதலில் வந்தது. ஆடைக்கும் விரிப்புக்கும் சம்பந்தமே இல்லாத ஏராளமான தளங்களில் அதற்கு இணைப்புகள் வைக்கப்பட்டிருந்ததை, 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை வெளியிட்டது. கூகுள் நடவடிக்கை எடுத்தது. முதல் இடத்தில் இருந்த சொற்கள் பல பக்கங்கள் பின்னே போயின. தங்களுக்கு இது தெரியாது என்று நிறுவனம் கூறி, அந்த வேலையைச் செய்த ஆலோசனை நிறுவனத்தை நீக்கியது. ஆனால் கெட்டது ஏஜெண்டின் பெயரல்ல, கடையின் பெயர்தான். கூலியாள் தராசில் கைவைத்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் முதலாளியே. 2012 ஏப்ரலில் இத்தகைய பொய் இணைப்புகளைக் கண்டுபிடிக்கவென்றே கூகுள் தன் கணக்கு முறையை மாற்றியது. அதன் பின் ஏராளமான தளங்கள் கீழே இறங்கின.

விளம்பரத்துக்குக் காசு கொடுப்பது இதிலிருந்து வேறானது. விளம்பரம் என்று எழுதி அடையாளம் காட்டிவிட்டுப் போடுவதில் தவறில்லை. பத்திரிகையில் விளம்பரம் கொடுக்கிறோம். படிப்பவருக்கு அது விளம்பரம் என்று தெரியும். காசு கொடுத்து எழுதச் சொன்னதைச் செய்திபோல் காட்டுவதுதான் பிழை. 2023 நவம்பர் 30-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதலில், வாடிக்கையாளரை ஏமாற்றும் 13 இணைய உத்திகள் பட்டியலிடப்பட்டுள்ளன. மறைமுக விளம்பரமும், ‘இன்னும் இரண்டே மூட்டைதான்’ என்று பொய் அவசரம் காட்டுவதும் அதில் அடங்கும்.

நட்சத்திரங்களும் வாடிக்கையாளர் கருத்தும்

நம் கடைகளுக்கு மிக அருகில் இருக்கும் சோதனை இதுதான். ரிவ்யூ எனப்படும் வாடிக்கையாளர் கருத்தை எண்ணிக்கைக் கணக்கில் விற்பவர்கள் இருக்கிறார்கள். கடைப் பையன்களையும் மைத்துனன்மாரையும் கொண்டு ஐந்து நட்சத்திரம் போடச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். இது விளையாட்டல்ல. 2020-ல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்னணு வணிக விதிகள், விற்பவர் தன்னை வாடிக்கையாளராகக் காட்டிக் கருத்து எழுதக் கூடாது என்று வெளிப்படையாகவே தடுக்கின்றன. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் ரூபாய் வரையும் அபராதம் விதிக்க முடியும். 2022 நவம்பரில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் இணையக் கருத்துகளுக்கென்றே ஐ.எஸ். 19000:2022 என்ற தரநிலையை வெளியிட்டது. அமெரிக்காவிலும் 2024 அக்டோபர் முதல் பொய்க் கருத்துகளை விற்பதையும் வாங்குவதையும் தடுக்கும் விதி நடைமுறைக்கு வந்துள்ளது.

அப்படியானால் கருத்து எழுதச் சொல்லி வாடிக்கையாளரைக் கேட்கவே கூடாதா? கேட்கலாம். “உங்க அனுபவத்தை எழுதுங்க” என்று எல்லோரிடமும் ஒரே மாதிரி கேட்பது நியாயம். “அஞ்சு நட்சத்திரம் போட்டா அரைக் கிலோ சீனி இலவசம்” என்பது கூடாது. திருப்தியாகப் போனவரிடம் மட்டும் கேட்டு, முகம் சுளித்துப் போனவரைக் கேட்காமல் விடுவதும் கூகுள் விதிப்படி தவறு. இந்த இடத்தில்தான் நம்மில் பலர் இடறுகிறோம்.

மோசமான கருத்து வந்துவிட்டால் கோபப்பட வேண்டாம். “புளியில் கொட்டை அதிகம், ஓடும் இருந்தது” என்று ஒருவர் எழுதினால், எந்த லாட் என்று பார்த்து, உண்மையானால் ஒப்புக்கொண்டு, மாற்றிக் கொடுத்ததை அதன் கீழேயே எழுதலாம். பின்னால் வருபவர் குறையை மட்டும் பார்ப்பதில்லை. குறைக்கு நாம் என்ன செய்தோம் என்பதையும் பார்க்கிறார். போட்டியாளரோ விரோதியோ பொய்யாக எழுதியிருந்தால், பில் புத்தகத்தைச் சரிபார்த்து, “இந்தத் தேதியில் இப்படி ஒரு விற்பனை எங்களிடம் இல்லை” என்று மரியாதையாகப் பதில் எழுதி, தளத்துக்குப் புகார் செய்ய வேண்டும். பதிலுக்கு அவர் கடைக்கு ஒற்றை நட்சத்திரம் போடக் கிளம்பினால் நமக்கும் அவருக்கும் வித்தியாசமில்லை.

ஊரின் பெயரும் நோயாளியின் தேடலும்

நம் மாவட்டத்துக்கென்று சில பெயர்கள் கிடைத்துள்ளன. கன்னியாகுமரி கிராம்பு 2021-லும், மார்த்தாண்டம் தேனும் கன்னியாகுமரி மட்டி வாழையும் 2023-லும் புவிசார் குறியீடு பெற்றன. மார்த்தாண்டத்தில் தேனீ வளர்ப்பு 1920-களில் ஒய்.எம்.சி.ஏ. நடத்திய கிராமப் புனரமைப்பு மையத்தின் வழியே பரவியது. தேனீ வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கமும் உண்டாயிற்று. மூன்று தலைமுறையாக ரப்பர் தோட்டங்களுக்குள் பெட்டி வைத்து உழைத்தவர்கள் சம்பாதித்த பெயர் அது.

அந்தப் பெயரைத் தட்டித் தேடுபவர்கள் அதிகம். ஆகவே எங்கிருந்தோ வந்த தேனுக்கும், சர்க்கரைப் பாகு கலந்த தேனுக்கும் தலைப்பில் ‘மார்த்தாண்டம் தேன்’ என்று எழுதிவிட்டால் வியாபாரம் வரும். ஆனால் 1999-ஆம் ஆண்டு புவிசார் குறியீடுகள் சட்டத்தின்படி, பொய்யாகக் குறியீட்டைப் பயன்படுத்தினால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. சட்டத்தை விடுவோம். மாறாமலையில் கிராம்பு பறிப்பவரின் கூலியையும், மார்த்தாண்டத்துப் பெட்டிக்காரரின் விலையையும் குறைப்பது இந்தப் பொய்த் தலைப்புத்தான். வெளிநாட்டுக் கிராம்பை வெளிநாட்டுக் கிராம்பு என்றே எழுதி அதன் விலைக்கு விற்போம். அதில் அவமானம் ஒன்றுமில்லை.

இதைவிடப் பெரிய பொறுப்பு ஒன்று உண்டு. “சர்க்கரை நோய் குறைய என்ன சாப்பிடலாம்” என்று இரவில் தேடுபவர் விலை விசாரிக்கும் வியாபாரி அல்ல, பயந்துபோன மனிதர். அந்தத் தேடலில் முந்துவதற்காக, “கருப்பட்டி சர்க்கரை நோயாளிகளுக்கு மருந்து” என்று எழுதிய பக்கங்களை நாம் பார்த்திருக்கிறோம். கருப்பட்டி நல்ல பொருள், நாமும் விற்கிறோம். ஆனால் அதிலும் பெரும்பகுதி சர்க்கரைதான். அந்த வரியை நம்பி ஒருவர் மாத்திரையை நிறுத்தினால் நம் முதல் இடத்துக்கு அவர் உடம்பு விலை. உணவுப் பொருள் நோயைத் தீர்க்கும் என்று விளம்பரம் செய்வதை 2018-ல் வந்த உணவு விளம்பர ஒழுங்குமுறைகள் தடுக்கின்றன. 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் வரை அபராதமும் உண்டு. சர்க்கரை நோயாளி நேரில் வந்து கேட்டால் “டாக்டர்ட்ட கேட்டுட்டு வாங்குங்க” என்றுதானே சொல்வோம்? பக்கத்திலும் அதையே எழுத வேண்டும்.

பிறர் பெயரைத் தூண்டிலாக்குவது

பக்கத்துக் கடைக்காரரின் பெயரை ஒருவர் தேடும்போது நம் விளம்பரம் மேலே வரும்படி காசு கட்ட முடியும். இது சரியா என்ற கேள்வி நம் மாநிலத்திலேயே நீதிமன்றத்துக்குப் போனது. பாரத் மேட்ரிமோனியை நடத்திய சென்னை நிறுவனமான கன்சிம் இன்ஃபோ, தன் பெயரைத் தேடினால் போட்டித் திருமணத் தளங்களின் விளம்பரம் வருகிறது என்று கூகுள் மீதும் போட்டியாளர்கள் மீதும் வழக்குத் தொடர்ந்தது. 2010 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் விரிவான உத்தரவு பிறப்பித்தது. ‘பாரத்’, ‘தமிழ்’, ‘மேட்ரிமோனி’ போன்றவை எல்லோரும் பயன்படுத்தும் விளக்கச் சொற்கள் என்பது முக்கியமான பிரச்சினையாயிற்று. நிறுவனம் கேட்ட இடைக்காலத் தடை கிடைக்கவில்லை.

பின்னர் அகர்வால் பேக்கர்ஸ் அண்டு மூவர்ஸ் என்ற சரக்குப் பெயர்ச்சி நிறுவனத்தின் வழக்கில், 2023 ஆகஸ்ட் 10-ல் டெல்லி உயர் நீதிமன்ற இரு நீதிபதிகள் அமர்வு தீர்ப்புக் கூறியது. பிறரது வணிகச் சின்னத்தை விளம்பரத் தேடுசொல்லாக வைப்பதும் அந்தச் சின்னத்தைப் பயன்படுத்துவதே. ஆனால் வாடிக்கையாளர் குழம்பும்படி இல்லாதவரை அது மட்டுமே உரிமை மீறல் ஆகிவிடாது. குழப்பம் உண்டாக்கினால் கூகுளும் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது என்பது அதன் சாரம்.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன? ‘மொத்த விலை’, ‘நல்லமிளகு’, ‘தக்கலை’ போன்ற பொதுச் சொற்கள் எல்லோருக்கும் சொந்தம். இன்னொரு வணிகரின் பெயர் அவருக்குச் சொந்தம். குழப்பம் இல்லாதவரை சட்டம் விட்டுவிடலாம். ஆனால் ஒரே சங்கத்தில் பக்கத்து நாற்காலியில் உட்காரும் உறுப்பினரின் பெயரைத் தேடி வருபவரை வழியில் மறிப்பது, அவர் கடை வாசலில் நின்று “இங்க வாங்க” என்று கையைப் பிடித்து இழுப்பதற்கு ஒப்பாகும். சட்டம் அனுமதிக்கும் எல்லை வேறு, நாணயத்தின் எல்லை வேறு என்பதற்கு இது ஒரு உதாரணம்.

தராசு பிடிப்பவரும் குற்றமற்றவர் என்று சொல்வதற்கில்லை. பாரத் மேட்ரிமோனி தரப்பும் ஒரு நுகர்வோர் அமைப்பும் கொடுத்த புகார்களின்பேரில், தேடல் முடிவுகளில் தன் சேவைகளுக்கே சலுகை காட்டியதாக, 2018 பிப்ரவரி 8-ல் இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 135.86 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. கூகுள் மேல்முறையீட்டுக்குச் சென்றது. ஆகவே கூகுள் சொல்வதே தர்மம் என்று நாம் எடுத்துக்கொள்ளவில்லை. நம் அளவுகோல் கூகுளின் விதிப்புத்தகம் அல்ல. நம் முன் நிற்கும் வாடிக்கையாளர்தான்.

போட்டியாளர் ஏமாற்றி முந்தினால்?

“நாங்கள் நேர்மையாக இருந்து மூன்றாம் பக்கத்தில் கிடக்கிறோம், பொய் ரிவ்யூ வாங்கியவன் முதல் இடத்தில் இருக்கிறான். பிள்ளைகளுக்கு நேர்மையைச் சமைத்துப் போடவா முடியும்?” என்று சில உறுப்பினர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. நேர்மையாக இருந்தால் உடனே மேலே வந்துவிடலாம் என்று சொன்னால் அதுவே ஒரு பொய் விளம்பரம். சில காலம் நஷ்டம் இருக்கும்.

ஆனால் செய்யக்கூடியவை உண்டு. பொய் முகவரி, பொய்க் கருத்து ஆகியவற்றைக் கூகுள் மேப்பிலேயே புகார் செய்யலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் தெரிவிக்கலாம். பெரிய சொற்களுக்குப் போட்டியிடாமல், நமக்கு மட்டுமே தெரிந்ததை எழுதலாம். எந்த மாதத்தில் புதுப் புளி வரும், கிராம்பு காய்ந்த பதத்தை எப்படிக் கண்டுபிடிப்பது, ஏத்தன் சிப்ஸுக்கு எந்தப் பருவத்துக் காய் நல்லது என்பதையெல்லாம் முப்பது நாற்பது வருடம் மூட்டை பிரித்தவரால்தான் எழுத முடியும். இப்போது செயற்கை நுண்ணறிவைக் கொண்டு ஒரே நாளில் ஆயிரம் பக்கம் எழுதிக் குவிக்கிறார்கள். தேடலில் முந்துவதற்காக மட்டும் இப்படிக் குவிப்பதை 2024 மார்ச்சில் கூகுள் தன் விதிகளில் தடுத்தது. குவித்தவர்களிடம் இல்லாத அனுபவம் நம்மிடம் இருக்கிறது. அதை எழுதுவோம்.

ஏஜெண்டிடம் கேட்க வேண்டியவை

1. என்னென்ன மாற்றம் செய்யப் போகிறார் என்பதை எழுத்தில் தரச் சொல்லுங்கள். “அது எங்கள் ரகசியம்” என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

2. முதல் இடம் நிச்சயம் என்று சொன்னால் நம்ப வேண்டாம். முதல் இடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே சொல்கிறது.

3. இணையதளத்தின் பெயர்ப் பதிவும் கடவுச்சொல்லும் உங்கள் பெயரில், உங்கள் கையில் இருக்கட்டும். ஏஜெண்ட் போனாலும் தளம் போகக்கூடாது.

4. பிற தளங்களில் இணைப்புகள் வாங்குவாரா, எங்கே, எவ்வளவுக்கு என்று கேளுங்கள்.

5. எங்கள் பேரில் யாரும் கருத்து எழுதக்கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள்.

6. தளத்தில் காட்டும் விலையே கடை விலை. விலை மாறினால் அன்றே மாற்றும் பொறுப்பு யாருடையது என்று முடிவு செய்யுங்கள்.

வணிகனுக்குச் சொன்ன குறளை வள்ளுவர் ‘பொருள் செயல்வகை’ அதிகாரத்தில் வைக்கவில்லை. ‘நடுவு நிலைமை’ அதிகாரத்தில் வைத்தார். வியாபாரம் என்பது பணம் சேர்க்கும் கலை மட்டுமல்ல, இரண்டு தட்டையும் சமமாகப் பிடிக்கும் பொறுப்பும் என்று அவர் எண்ணியிருக்க வேண்டும்.

இன்று இரவு கடையடைத்த பிறகு, உங்கள் கடைப் பெயரைக் கைப்பேசியில் தேடிப் பாருங்கள். வருகிற பக்கங்களை உங்கள் வீட்டாரிடம் வாய்விட்டுப் படியுங்கள். பிள்ளைகள் ஏதாவது ஒரு வரியைக் கேட்டுச் சிரித்தால், நாளைக் காலையில் முதல் வேலையாக அந்த வரியை எடுத்துவிடுங்கள். எங்கள் கடையில் அப்படித்தான் தொடங்கினோம்.

வணிகம் வளர்க! நாணயம் நிலைக்க!